வாய்ப்பூட்டுக்கு ‘வேண்டாம்’ சொன்ன ஞாயிறு: லக்சம்பர்க், 1937

1937 ஜூன் 6, ஞாயிற்றுக்கிழமை. லக்சம்பர்க் நாட்டின் மத்தியத் தொகுதியிலும் வடக்குத் தொகுதியிலும் வாக்களிக்கப் போனவர்களுக்கு அன்று இரண்டு வேலைகள் இருந்தன. ஒன்று, நாடாளுமன்றத்துக்கு ஆட்களைத் தேர்ந்தெடுப்பது. மற்றொன்று, ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்வது: கம்யூனிஸ்ட் கட்சியைக் கலைக்க ஏப்ரல் 23 அன்று நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் உங்களுக்குச் சம்மதமா, இல்லையா? தெற்கிலும் கிழக்கிலும் வசித்தவர்களுக்கு அந்த இரண்டாவது வேலை மட்டும்தான். அவர்கள் 1934இலேயே உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். அடுத்து அவர்கள் முறை 1940இல்தான் வரும்.

இதில் குழப்பம் ஏதும் இல்லை. அன்றைய லக்சம்பர்க்கில் உறுப்பினர்களின் பதவிக்காலம் 6 ஆண்டு. மூன்றாண்டுக்கு ஒருமுறை அவையில் ஏறத்தாழ பாதி இடங்களுக்குத் தேர்தல் நடக்கும். நான்கு தொகுதிகளில் தெற்கும் கிழக்கும் ஒரு முறை, மத்தியும் வடக்கும் அடுத்த முறை. 1937இல் மொத்தம் 55 இடங்களில் 26 இடங்களுக்கு வாக்குப்பதிவு. வாக்களிப்பது கட்டாயம். 1919 முதல் பெண்களுக்கும் வாக்குரிமை உண்டு.

அந்த நாள் முடிந்தபோது சட்டத்துக்கு எதிராக 50.67 சதவீதமும் ஆதரவாக 49.33 சதவீதமும் வாக்குகள் விழுந்திருந்தன. நூற்றுக்கு ஒன்றரைகூட இல்லாத இடைவெளி. இந்த மெல்லிய இடைவெளியைத்தான் இந்தக் கட்டுரையில் கூர்ந்து பார்க்கப்போகிறேன். மூன்றாண்டு கழித்து ஹிட்லரின் படை அந்த நாட்டுக்குள் புகுந்தபோது நாட்டின் பெயரால் பேச ஓர் அரசு மிஞ்சியிருந்தது. அந்த அரசின் உருவம் இந்த ஞாயிற்றுக்கிழமையில் தீர்மானமானது என்பது என் உறுதியான எண்ணம்.

நாடும் அதன் அச்சமும்

லக்சம்பர்க்கின் பரப்பளவு 2,586 சதுர கிலோமீட்டர். 1930களில் மக்கள்தொகை சுமார் 3 லட்சம். ஒருபுறம் ஜெர்மனி, ஒருபுறம் பிரான்ஸ், ஒருபுறம் பெல்ஜியம். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்றால் இந்த நாட்டுக்கு மூன்று பக்கமும். 1867இல் பெரிய நாடுகள் லண்டனில் கூடி, இந்த நாடு என்றென்றைக்கும் நடுநிலை நாடு என்று உறுதி எழுதிக் கொடுத்தன. 1914இல் ஜெர்மானியப் படை அந்த உறுதியை மிதித்துக்கொண்டு உள்ளே வந்து, நான்கு ஆண்டுகள் தங்கியது.

தெற்கே, பிரான்சு எல்லையோரம், மண்ணே சிவப்பு. இரும்புத் தாது கலந்த அந்த மண்ணில்தான் எஷ், டிஃபர்டாஞ்ச், டுடெலாஞ்ச் முதலிய ஆலை ஊர்கள் எழுந்தன. 1911இல் உருவான ஆர்பெட் நிறுவனத்தின் உருக்காலைகள் நாட்டின் பொருளாதாரத்தையே தோளில் சுமந்தன. சுரங்கத்திலும் உலைக்களத்திலும் உள்ளூர்க்காரர்களோடு இத்தாலியர்களும் ஜெர்மானியர்களும் சேர்ந்து உழைத்தார்கள். வடக்கும் கிழக்கும் வேறு உலகம்: ஆர்டென் மேட்டின் காடுகள், மோசெல் ஆற்றங்கரையின் திராட்சைத் தோட்டங்கள், ஒவ்வொரு ஊரிலும் கத்தோலிக்கத் தேவாலயம், அதன் பங்குத்தந்தை சொல்லும் வார்த்தைக்கு இருந்த கனம். ஒரே நாள் பயணத்தில் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போய்விடக்கூடிய நாட்டில் இப்படி இரண்டு நாடுகள் இருந்தன.

1926 முதல் பிரதமராக இருந்தவர் ஜோசஃப் பெஷ். வலதுசாரிக் கட்சி என்றே பெயர் கொண்ட கத்தோலிக்கக் கட்சியின் முன்னணித் தலைவர். சட்டம் படித்தவர், பக்குவமாகப் பேசுபவர், வெளியுறவுத் துறையையும் கையில் வைத்திருந்தவர். அவரை ஒரு சர்வாதிகாரியாகச் சித்திரிப்பது நியாயமில்லை. அவர் காலத்து அச்சங்கள் உண்மையானவை. 1935 ஜனவரியில் பக்கத்து சார்லாந்து மக்கள் 90 சதவீதத்துக்கு மேல் வாக்களித்து ஹிட்லரின் ஜெர்மனியோடு சேர்ந்துகொண்டார்கள். 1936 மார்ச்சில் ஜெர்மானியப் படை, உடன்படிக்கைப்படி தான் நுழையக் கூடாத ரைன்லாந்துக்குள் நுழைந்தது. அதே ஆண்டு கோடையில் ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் விழுந்தது. அங்கே பாதிரியார்கள் கொல்லப்பட்ட செய்திகள் லக்சம்பர்க்கின் கத்தோலிக்க வீடுகளை உலுக்கின. வீட்டுக்கு வெளியே தீ எரியும்போது வீட்டுக்குள் தீப்பெட்டி வைத்திருப்பவன் யார் என்று தேடுவது மனித இயல்பு. பெஷ் தேடிக் கண்ட ஆள், கம்யூனிஸ்ட்.

ஒரு நாற்காலி, காலியாக

லக்சம்பர்க் கம்யூனிஸ்ட் கட்சி 1921 ஜனவரியில் தொடங்கப்பட்ட சின்னஞ்சிறு கட்சி. அதன் தலைவர் ஸெனோன் பெர்னார் 1934 தேர்தலில் தெற்குத் தொகுதியில் வென்றார். கட்சிக்குக் கிடைத்த முதல் நாடாளுமன்ற இடம் அது. ஆனால் அவையின் பெரும்பான்மை அவரை உள்ளே அமரவிடவில்லை. உறுப்பினர் ஒவ்வொருவரும் அரசியலமைப்புக்குக் கீழ்ப்படிவதாக உறுதிமொழி எடுக்க வேண்டும். புரட்சி பேசுபவன் அந்த உறுதிமொழியை மனசாட்சியோடு எடுக்க முடியாது என்று காரணம் சொல்லி அவருடைய தேர்வைச் செல்லாததாக்கினார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். பெர்னார் உறுதிமொழியை மீறவில்லை. எடுக்கவே விடாமல், மீறுவார் என்று தீர்மானித்தார்கள். அவருக்கு வாக்களித்த சுரங்கத் தொழிலாளியின் வாக்கு எண்ணப்பட்டது, ஏற்கப்பட்டது, பிறகு தூக்கி எறியப்பட்டது. மூன்றாண்டு கழித்து வந்த சட்டத்தின் விதை இந்தக் காலி நாற்காலியில் இருக்கிறது. ஓர் ஆளை வெளியே நிறுத்தியது எளிதாக முடிந்துவிட்டதால், ஒரு கட்சியையே வெளியே நிறுத்தலாம் என்ற துணிவு பிறந்தது.

அந்தச் சட்டத்தின் அதிகாரப்பூர்வப் பெயர் ‘அரசியல், சமூக ஒழுங்கைக் காப்பதற்கான சட்டம்’. கம்யூனிஸ்ட் கட்சியைக் கலைப்பது அதன் முதல் நோக்கம். அதோடு நிற்காமல், பலாத்காரத்தாலோ மிரட்டலாலோ அரசியலமைப்பையோ சட்டங்களையோ மாற்ற முனையும் எந்த அமைப்பின் மீதும் கை வைக்க அது வழி திறந்தது. 1937 ஏப்ரல் 23 அன்று அவையில் 34 பேர் ஆதரித்தார்கள், 19 பேர் எதிர்த்தார்கள்.

மக்கள் அதற்கு வேறு பெயர் வைத்தார்கள். ஜெர்மன் மொழியில் ‘மௌல்கோர்ப்’ என்றால் கடிக்கும் நாயின் வாயில் மாட்டும் கூடு. சொல்லைப் பிரித்துப் பார்த்தால் ‘மௌல்’ வாய், ‘கோர்ப்’ கூடை. நம் ஊரில் போரடிக்கும் மாடு நெல்லை மேயாமல் இருக்க வாயில் கட்டும் வாய்க்கூடை அப்படியே அச்சாக அங்கே இருக்கிறது. லக்சம்பர்க் பேச்சில் கொஞ்சம் மருவி வழங்கிய அந்தப் பெயரிலேயே சட்டம் இன்றுவரை அறியப்படுகிறது. தமிழில் வாய்ப்பூட்டுச் சட்டம் என்றுதான் சொல்ல வேண்டும். சுதந்திரப் போராட்டக் காலத்துப் பேச்சுத் தடைகளை அந்தச் சொல்லால் அழைத்துப் பழகிய நமக்கு, அந்தப் பெயர் ஏன் தைத்தது என்று விளக்க வேண்டியதில்லை.

ஆறு வாரப் பிரசாரம்

எதிர்ப்பைக் கண்ட பெஷ், சட்டத்தை மக்கள் முன் வைக்க ஒப்புக்கொண்டார். லக்சம்பர்க்கில் அதற்கு முன் ஒரே ஒரு முறைதான் நாடு தழுவிய பொதுவாக்கெடுப்பு நடந்திருந்தது. 1919 செப்டம்பரில், அரச வம்சம் தொடர வேண்டுமா, பொருளாதார உறவு யாரோடு என்று கேட்டிருந்தார்கள். பெரும்பான்மை மக்கள் கோமகள் ஷார்லோட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். பொருளாதாரத்தில் பிரான்சு வேண்டும் என்றார்கள். பிரான்சு கைவிரித்தது. கடைசியில் 1921இல் பெல்ஜியத்தோடு உடன்பாடு ஆனது. மக்கள் சொல்வது எல்லாம் நடந்துவிடாது என்ற பாடமும் அந்த நாட்டுக்கு இருந்தது.

ஏப்ரல் 23க்கும் ஜூன் 6க்கும் இடையே ஆறு வாரம். சட்டத்துக்கு ஆதரவாக வலதுசாரிக் கட்சி, தேவாலயம், நாட்டின் மிகச் செல்வாக்குள்ள நாளேடான ‘லக்சம்பர்கர் வோர்ட்’. அதன் இயக்குநர் ழான் ஓரிஜெ ஒரு பாதிரியார், நாடாளுமன்ற உறுப்பினரும்கூட. எதிர்ப்பின் பக்கம் தொழிலாளர் கட்சி, அதன் தொழிற்சங்கங்கள், எஷ் நகரிலிருந்து வந்த ‘டாகெப்ளாட்’ நாளேடு, இடதுசாரி மாணவர்கள். ஆளும் கூட்டணியில் இருந்த லிபரல்கள் நடுவில் மாட்டிக்கொண்டார்கள். தலைமை ஒரு பக்கமும் சிந்தனைச் சுதந்திரத்தைக் கொள்கையாகவே கொண்டிருந்த இளையவர்கள் மறுபக்கமும் இழுத்தார்கள்.

தொழிற்சங்கங்களின் கோபத்துக்குத் தனிக் காரணம் இருந்தது. 1936 ஜனவரியில்தான் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் தலைநகரின் தெருக்களில் ஊர்வலம் போய், முதலாளிகளோடு சரிசமமாக அமர்ந்து பேசும் தேசிய உழைப்பு மன்றத்தைப் பெற்றிருந்தார்கள். அந்த ஊர்வலத்தில் சோஷலிஸ்ட் சங்கமும் கத்தோலிக்கச் சங்கமும் கைகோத்து நடந்தன. இப்போது ‘மிரட்டல்’ என்ற சொல் சட்டத்தில் நுழைகிறது. உருக்காலையில் வேலைநிறுத்த அறிவிப்புக் கொடுத்தால் அது மிரட்டலா? கூலியை உயர்த்தாவிட்டால் உலையை அணைப்போம் என்று மேடையில் ஒருவர் சொன்னால் அது எதில் சேரும்? அதைத் தீர்மானிக்கப்போவது யார்? இன்று கம்யூனிஸ்டுக்குப் போடும் கூடை நாளை சங்கத்துக்கு அளவு சரியாக இருக்கும் என்று தொழிலாளிக்குப் புரிந்தது. புரிய வைக்கப் பெரிய படிப்பு தேவைப்படவில்லை.

இன்னொரு கேள்வி என்னை இந்தக் கதையில் திரும்பத் திரும்ப நிறுத்துகிறது. 1937இல் லக்சம்பர்க்கின் சுதந்திரத்துக்குக் கண்முன் நின்ற ஆபத்து எது? மாஸ்கோ இரண்டாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது. ஜெர்மனி மோசெல் ஆற்றின் மறுகரையில் இருந்தது. சட்டம் பெயர் சொல்லிக் குறிவைத்ததோ, ஒரே ஓர் இடத்தை வென்று அதையும் பறிகொடுத்த கட்சியை. பயிரைக் காக்க எழுந்த வேலி, எந்தப் பக்கமிருந்து மாடு வருகிறது என்று பார்க்கவே இல்லை.

எண்ணிக்கை சொல்வது

லக்சம்பர்க்கின் நாடாளுமன்ற வாக்குச்சீட்டு தனி அழகு கொண்டது. தொகுதியில் எத்தனை இடமோ, வாக்காளருக்கு அத்தனை வாக்கு. ஒரு கட்சிப் பட்டியலின் தலைப்பில் உள்ள வட்டத்தைக் கருப்பாக்கினால் எல்லா வாக்கும் அந்தப் பட்டியலுக்கு. அப்படி வேண்டாம் என்றால், பெயர் பெயராகத் தேடி, பிடித்தவருக்கு ஒன்றோ இரண்டோ பெருக்கல் குறி போடலாம். வேறு வேறு கட்சிக்காரர்களுக்குப் பிரித்தும் கொடுக்கலாம். ‘நம் ஊர் வக்கீல் நல்லவர், கட்சி எதுவானால் என்ன’ என்று நினைப்பவருக்கு அந்தச் சீட்டு இடம் தருகிறது. இப்படி நெளிந்து கொடுத்துப் பழகிய வாக்காளரிடம் அன்று சம்மதமா, இல்லையா என்ற வளையாத கேள்வியும் வந்து நின்றது.

இரண்டு முடிவுகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால்தான் விஷயம் துலங்கும். நாடாளுமன்றத் தேர்தலில் வலதுசாரிக் கட்சி கவிழ்ந்துவிடவில்லை. 55 பேர் அவையில் 25 இடங்களோடு மிகப்பெரிய கட்சியாகவே நீடித்தது. அடி வாங்கியவர்கள் லிபரல்கள். வளர்ந்தவர்கள் தொழிலாளர் கட்சியினர். பொதுவாக்கெடுப்பில் ஆலை ஊர்கள் நிறைந்த தெற்கு சட்டத்தைப் பலமாக நிராகரித்தது. கிராமங்கள் நிறைந்த பகுதிகள் ஆதரித்தன.

சட்டத்தை எதிர்த்த அந்தப் பாதிக்கு மேற்பட்டோர் எல்லோரும் கம்யூனிஸ்டுகள் அல்லர். வாக்காளர்களில் ஒரு சிறு பங்கினர்தான் அந்தக் கட்சிக்கு வாக்களித்துவந்தார்கள். அப்படியானால் அந்த 50.67 சதவீதத்தில் பெரும்பகுதி கம்யூனிஸத்தை விரும்பாதவர்கள். அதை எதிர்த்தே வாழ்ந்த சோஷலிஸ்டுகளும் லிபரல்களும் அதில் இருந்தார்கள். தனக்குப் பிடிக்காத ஒருவனின் வாயைக் கட்டச் சொல்லும் சீட்டு கையில் இருந்தபோது அவர்கள் ‘வேண்டாம்’ என்று எழுதினார்கள். எனக்கு இந்தக் கதையில் ஆகப் பெரிய உண்மை இதுதான். சுற்றிலும் நாடாளுமன்றங்கள் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டிருந்த பத்தாண்டு அது: ஜெர்மனியில் 1933, ஆஸ்திரியாவிலும் அதே ஆண்டு, எஸ்தோனியாவிலும் லாத்வியாவிலும் 1934, கிரீஸில் 1936. அந்தக் காலத்தில் இந்த விடை சாதாரணமானதே அல்ல.

தோற்றவர் செய்தது

அந்தப் பொதுவாக்கெடுப்பு அரசைச் சட்டப்படி கட்டுப்படுத்தவில்லை. அவையில் 34 வாக்குகளின் பெரும்பான்மை ஏற்கெனவே கையில் இருந்தது. ஒன்றரை சதவீதத்துக்கும் குறைவான இடைவெளியைக் காட்டி, ‘மக்கள் பாதிப்பாதியாகப் பிரிந்திருக்கிறார்கள், நாடு ஆபத்தில் இருக்கிறது, பொறுப்பு எங்களுடையது’ என்று சட்டத்தை அமல்படுத்தியிருக்க முடியும். அன்றைய ஐரோப்பாவில் அதைக் கேட்டு யாரும் புருவம் உயர்த்தியிருக்கமாட்டார்கள்.

பெஷ் சட்டத்தைக் கைவிட்டார். பிரதமர் பதவியிலிருந்து விலகினார். புதிய அரசு அமையப் பல மாதங்கள் ஆயின. 1937 நவம்பர் 5 அன்று அதே வலதுசாரிக் கட்சியைச் சேர்ந்த பியேர் துபோங் பிரதமரானார். அந்த அமைச்சரவையில், வாய்ப்பூட்டுச் சட்டத்தை எதிர்த்து நின்ற தொழிலாளர் கட்சி முதன்முறையாக அமர்ந்தது. தொழிற்சங்கத் தலைவர் பியேர் க்ரியேர் தொழிலாளர் நல அமைச்சர், ரெனே ப்ளூம் நீதி அமைச்சர். தோற்ற பெஷ் வெளியே போய் வன்மம் வளர்க்கவில்லை. வெளியுறவு அமைச்சராக அதே மேசையில் உட்கார்ந்தார், ஐந்து மாதத்துக்கு முன் தன்னை எதிர்த்து ஊர் ஊராகப் பேசிய ஆட்களின் பக்கத்தில்.

பெஷ்ஷின் சட்டத்தை நான் முழு மனதோடு எதிர்க்கிறேன். ஆனால் அவர் தோற்ற விதத்துக்கு மரியாதை செலுத்தாமல் இருக்க முடியவில்லை. ஜனநாயகத்தில் வெல்வதற்கு எல்லோரும் பயிற்சி எடுக்கிறார்கள். நூலிழையில் தோற்றுவிட்டு அதைத் தோல்வி என்றே ஏற்றுக்கொள்ளும் ஆட்கள் குறைவு.

1940 மே 10

அன்று வெள்ளிக்கிழமை. விடிவதற்கு முன்பே ஜெர்மானியப் படை எல்லையைத் தாண்டியது. ஒரு நாளுக்குள் நாடு அவர்கள் கையில். கோமகள் ஷார்லோட்டும் அமைச்சர்களும் பிரான்சுக்குத் தப்பினார்கள். அங்கிருந்து போர்ச்சுகல், பிறகு லண்டனும் கனடாவின் மாண்ட்ரியலும். நாடு கடந்து இயங்கிய அந்த அரசில் நால்வர் முக்கியமானவர்கள்: துபோங், பெஷ், க்ரியேர், அந்த ஆண்டு ஏப்ரலில் ப்ளூமுக்குப் பதிலாக நீதி அமைச்சராக வந்த விக்டர் போட்ஸன். இருவர் கத்தோலிக்கக் கட்சி, இருவர் தொழிலாளர் கட்சி. சிவந்த மண்ணின் உலைத் தொழிலாளியும் ஆர்டென் கிராமத்து விவசாயியும் லண்டன் வானொலியில் கேட்கும் அரசை ‘நம் அரசு’ என்று சொல்ல முடிந்தது. 1937இல் ‘சம்மதம்’ வென்றிருந்தால் நாட்டில் ஒரு பாதி வாய் கட்டப்பட்ட பாதியாகப் போருக்குள் நுழைந்திருக்கும். தடை செய்யப்பட்ட அமைப்புகளின் உறுப்பினர் பட்டியல்கள் கோப்புகளில் தயாராக இருந்து, நாஜிகளின் ரகசியக் காவல்துறையான கெஸ்டபோவின் கையில் சிரமமில்லாமல் போய்ச் சேர்ந்திருக்கும். அப்படி நடந்திருக்கும் என்று நிரூபிக்க முடியாது. என் அச்சம் அதுதான்.

1940 அக்டோபரில் ஆக்கிரமிப்பு நிர்வாகத்தின் தலைவன் குஸ்தாவ் சிமோன் நாடாளுமன்றத்தைக் கலைத்தான். தெற்கும் கிழக்கும் வாக்களிக்க வேண்டிய முறை அந்த ஆண்டு வந்தது, தேர்தல் வரவில்லை. 1941 அக்டோபரில் அதே நிர்வாகம் ஒரு கணக்கெடுப்புப் படிவத்தை வீடு வீடாக அனுப்பியது. குடியுரிமை எது, தாய்மொழி எது, இனம் எது என்ற மூன்று கேள்விகள். ஜெர்மன் என்ற பதிலை எதிர்பார்த்தார்கள். தலைமறைவு இயக்கங்கள் ‘மூன்று முறையும் லக்சம்பர்க்’ என்ற சொல்லைப் பரப்பின. மாதிரிக்கு எண்ணிப் பார்த்த படிவங்களில் மக்களின் விடை தெரிந்ததும் கணக்கெடுப்பையே நிறுத்திவிட்டார்கள். நான்காண்டுக்கு முன் பாதிப்பாதியாகப் பிரிந்து நின்ற அதே மக்கள்.

ஸெனோன் பெர்னாரை 1940இல் கெஸ்டபோ பிடித்தது. 1942இல் ஜெர்மனியின் கசெல் நகரில் சிறையில் இறந்தார். அவருடைய கட்சியைத் தடை செய்யச் சொன்ன நாளேட்டின் இயக்குநர், பாதிரியார் ழான் ஓரிஜெயையும் 1940இல் பிடித்தார்கள். அவரும் 1942இல், தாகாவ் வதைமுகாமில் இறந்தார்.

போர் முடிந்து 1945 அக்டோபர் 21 அன்று லக்சம்பர்க் மீண்டும் வாக்களித்தது. இந்த முறை நான்கு தொகுதிகளும் ஒரே நாளில். துபோங் பிரதமராகத் தொடர்ந்தார், பெஷ் வெளியுறவு அமைச்சராகவே இருந்தார். புதிய அவையின் 51 இடங்களில் 5 இடங்களைக் கம்யூனிஸ்ட் கட்சி வென்றது. தலைநகரில் கோமகளின் அரண்மனைச் சுவரை ஒட்டி நிற்கும் அந்த நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் ஐந்து பேரும் நடந்துபோனார்கள். 1934இல் பெர்னாரை எடுக்கவிடாத உறுதிமொழியை எடுத்துக்கொண்டு, தங்கள் இடங்களில் அமர்ந்தார்கள்.